இருமும்போது வலிக்கக் கூடாது: உணவுக்குழாய் அறுவையில் மயக்க மருந்தும் வலி நிவாரணமும்

உணவுக்குழாயில் பெரிய அறுவை முடிந்த மறுநாள் காலை, நோயாளியின் கட்டிலருகே வரும் மயக்கவியல் மருத்துவர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: "ஐயா, மூச்சை நன்றாக இழுத்து, ஒரு முறை இருமிக் காட்டுங்கள்." நோயாளி தலையணையொன்றை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, இருமுகிறார். அந்த இருமல் அடிவயிற்றிலிருந்து எழுந்து சளியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறதா, தொண்டையோடு நின்றுவிடும் செருமலாக இருக்கிறதா என்று மருத்துவர் கூர்ந்து கேட்கிறார். முந்தைய நாள் முழுவதும் அறுவை அரங்கில் தாம் செய்த வேலை எந்த அளவுக்குப் பலன் தந்திருக்கிறது என்பதற்கான முதல் பதில் அவருக்கு அந்த ஒலியில் கிடைத்துவிடுகிறது.

மயக்கவியல் மருத்துவர் என்றால் தூங்க ஊசி போடுபவர் என்றும், வலி நிவாரணம் என்றால் நோயாளியின் சௌகரியத்துக்காகச் செய்யப்படும் உதவி என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். சிறிய அறுவைகளில் இந்த எண்ணத்தால் பெரிய நட்டம் ஏதுமில்லை. உணவுக்குழாய் அறுவைக்கோ அது சிறிதும் பொருந்தாது. இங்கே வலியைக் கட்டுப்படுத்துவது சிகிச்சையின் உயிர்நாடியான பகுதி. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சுவிடாதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும். இருமாதவருக்கு அங்கே சளி தேங்கும். தேங்கிய சளி நிமோனியாவாக மாறும். இந்த அறுவைக்குப் பின் நோயாளிகளை அதிகம் வாட்டும் சிக்கல்களில் நுரையீரல் சிக்கல்களே முன்னிற்கின்றன. ஆகவே, மயக்கம் கொடுப்பதும் வலியைத் தணிப்பதும் இங்கே எப்படி நடக்கின்றன என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் ஓரளவு தெரிந்துவைத்திருப்பது, குணமடைவதற்கு நேரடியாகவே உதவும்.

முதலில் அறுவையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். கழுத்தில் தொடங்கி, நெஞ்சுக்கூட்டின் நடுவே இதயத்துக்கும் பெருந்தமனிக்கும் பக்கத்தில் இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடான உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றில் இரைப்பையோடு சேர்கிறது. கழுத்து, நெஞ்சு, வயிறு என்ற மூன்று பகுதிகளையும் தொட்டுச் செல்வதால், அதில் புற்றுநோய் வந்து நோயுற்ற பகுதியை அகற்றவேண்டிய நிலை ஏற்பட்டால், ஒரே ஒரு கீறலோடு வேலை முடிவது அரிது. பரவலாகச் செய்யப்படும் முறைக்கு 1946-இல் அதை விவரித்த பிரிட்டன் அறுவை மருத்துவர் ஐவர் லூயிஸின் பெயரே நிலைத்துவிட்டது. அம்முறையில் முதலில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைத் திறந்து இரைப்பையை விடுவித்து, அதை ஒடுங்கிய குழாய் வடிவில் தைத்துக்கொள்கிறார்கள். பின்னர் இடப்பக்கமாக ஒருக்களிக்கச் செய்து, வலப்பக்க விலா எலும்புகளின் இடையே நெஞ்சைத் திறந்து, நோயுற்ற உணவுக்குழாயை எடுத்துவிட்டு, கீழிருந்து அந்த இரைப்பைக் குழாயை மேலே இழுத்து, எஞ்சிய உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். கட்டி மேற்பகுதியில் இருந்தால் கழுத்திலும் கீறல் போட்டு அங்கே இணைப்பதுண்டு. இப்போது பல மருத்துவமனைகளில் இதே வேலை சிறு துளைகளின் வழியாகக் கேமராவின் துணையோடு நடக்கிறது. எந்த வழியில் செய்தாலும் ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரை ஆவது வழக்கம்.

நெஞ்சைத் திறப்பதுதான் மயக்கவியலுக்கு முன்னால் நின்ற பழைய பெரிய சிக்கல். நுரையீரல் தானாக விரிந்து நிற்கும் உறுப்பன்று. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால்தான் அது விரிந்த நிலையில் இருக்கிறது. கூட்டைத் திறந்தவுடன் வெளிக்காற்று உள்ளே புகுந்து, நுரையீரல் காற்றிறங்கிய பலூனைப்போலச் சுருங்கிவிடும். முகமூடி வழியாக ஈதர் கொடுத்து, நோயாளி தாமே மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நெஞ்சுக்குள் கை வைப்பதற்கு அறுவை மருத்துவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இதுவே. 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், 67 வயதுப் பெண்மணி ஒருவரின் நெஞ்சைத் திறந்து உணவுக்குழாய்ப் புற்றை வெற்றிகரமாக அகற்றினார். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியே ஈதர் கலந்த காற்றைத் தொடர்ந்து ஊதும் புதிய முறை அப்போது வந்திருந்தது. அது இல்லாமல் அந்த அறுவை நடந்திருக்க முடியாது. உணவுக்குழாயை எடுத்தபின் இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் வழி அன்று இல்லாததால், கழுத்தில் ஒரு துளையும் வயிற்றில் ஒரு துளையும் வைத்து, இரண்டையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்துவிட்டார்கள். அந்தக் குழாயின் வழியே உணவு இறங்க, அப்பெண்மணி மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். உணவுக்குழாய் அறுவையின் வரலாறு தொடக்கத்திலிருந்தே மயக்கவியலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இன்றைய நோயாளியிடம் வருவோம். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரின் வேலை தொடங்கிவிடுகிறது. பேச்சுவழக்கில் "பிட்னஸ் வாங்குவது" என்கிறோமே, அந்தச் சந்திப்பை ஒரு கையெழுத்துக்கான சடங்காக எண்ணிவிடக் கூடாது. இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும், நுரையீரல் எவ்வளவு காற்றை இழுக்கிறது, இரத்தசோகை உண்டா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் அங்கே அளக்கிறார்கள். விழுங்க முடியாமல் பல வாரங்களாகக் கஞ்சியும் பாலுமாகவே காலம் தள்ளியவர்கள் மெலிந்துபோயிருப்பார்கள். அவர்களுக்கு அறுவைக்கு முன்பே ஊட்டம் ஏற்றவேண்டியிருக்கும். புகைப்பவர் அந்த நாளோடு நிறுத்தவேண்டும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்து, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை மேலே தூக்கி நிறுத்தப் பழகச் சொல்வார்கள். விளையாட்டுச் சாமானைப்போலத் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் கருவியை வீட்டில் தினமும் பழகியவருக்கு, அறுவைக்குப் பின் வலியோடு இருக்கும்போது அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் சிரமம் இருக்காது.

இந்தச் சந்திப்பில் எதையும் மறைக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. "சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்" என்ற பயத்தில் பழைய நெஞ்சுவலியையும் குடிப்பழக்கத்தையும் சொல்லாமல் விடும் குடும்பங்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது மிகவும் ஆபத்தானது. வலி நிவாரணத்துக்காக முதுகுத்தண்டின் அருகே ஊசி போடும்போது அங்கே இரத்தக்கசிவு ஏற்பட்டு உறைந்தால் தண்டுவடம் அழுந்தும். ஆகவே எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்தவேண்டும் என்பதை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும். நோயாளி தாமாக நிறுத்துவதும் தவறு, நிறுத்தாமல் மறைப்பதும் தவறு.

அறுவை நாளில் மயக்கம் கொடுக்கும் முதல் சில நிமிடங்களிலேயே இந்நோய்க்கு உரிய ஓர் ஆபத்து காத்திருக்கிறது. உணவுக்குழாய் அடைபட்டிருப்பதால், முந்தைய நாள் குடித்தது கூட அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கலாம். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்தவுடன் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரல் வெந்ததுபோலாகிவிடும். "சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள்" என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். பட்டினி இருந்தவரிடமும் தேக்கம் இருக்கலாம் என்பதால், தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து, முதலில் முகமூடி வழியே தூய ஆக்சிஜனை ஊட்டி, பால் வெண்மையான புரோபோஃபால் போன்ற தூங்கவைக்கும் மருந்தையும் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் அடுத்தடுத்துச் செலுத்தி, ஒரு நிமிடம் போலக் குறுகிய நேரத்துக்குள் மூச்சுக்குழாயில் குழாயைப் பொருத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனை ஊதி வழியை அடைத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு இவற்றில் எதுவும் நினைவிருக்காது.

அடுத்து வருவது இந்த மயக்கத்தின் தனிச்சிறப்பான பகுதி: ஒரே நுரையீரலால் மூச்சுவிடச் செய்வது. வலப்பக்க நெஞ்சைத் திறந்து வேலை செய்யும்போது வலது நுரையீரல் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கும் உணவுக்குழாயை அறுவை மருத்துவரால் பார்க்கவே முடியாது. ஆகவே வலது நுரையீரலை வேண்டுமென்றே சுருங்கவிட்டு, இடது நுரையீரலுக்கு மட்டும் காற்றுக் கொடுக்கிறார்கள். இதற்கான குழாய், இரட்டைக்குழல் துப்பாக்கியைப்போல உள்ளே இரு வழிகள் கொண்டது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்லென்ஸ் 1949-இல் விவரித்த குழாய்க்குப் பிறகு பல திருத்தங்கள் வந்துள்ளன, அடிப்படை மாறவில்லை. நீண்ட வழி இடது கிளை மூச்சுக்குழாய்க்குள் போய் நிற்கும்; குட்டையான வழி மூச்சுக்குழாயிலேயே நின்று வலப்பக்கத்துக்குக் காற்றுத் தரும். எந்த வழியை அடைக்கிறோமோ அந்தப் பக்க நுரையீரல் ஓய்வெடுக்கும்.

இடது கிளையைத் தேர்வதற்கு உடலின் அமைப்பே காரணம். இடது கிளை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வரை பிரியாமல் செல்கிறது. வலது கிளையோ தொடங்கி 2 சென்டிமீட்டருக்குள்ளாகவே மேல்மடலுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. வலப்பக்கம் குழாயைச் செருகினால் அந்த வாசல் அடைபட்டுவிடக் கூடும். குழாய் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க, பென்சிலைவிட மெலிந்த ஒளியிழைக் குழாயை அதற்குள் விடுகிறார்கள். திரையில் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கூர்மையான விளிம்பும், இடது வாயிலில் பலூனின் நீல நிற விளிம்பு மட்டும் பிறைபோல எட்டிப்பார்ப்பதும் தெரிந்தால் எல்லாம் சரி. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு மீண்டும் ஒரு முறை பார்ப்பார்கள். புரட்டும்போது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடக் கணக்கு கெட்டுவிடும்.

ஒரு நுரையீரல் மட்டும் வேலை செய்தால் உடலுக்குப் போதிய ஆக்சிஜன் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும். காற்றுப் போகாத நுரையீரலுக்கும் இரத்தம் போய்க்கொண்டிருந்தால் அந்த இரத்தம் ஆக்சிஜனைப் பெறாமலே திரும்பும். அதனால் தொடக்கத்தில் அளவு இறங்கத்தான் செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் குறைந்த பகுதியில் இரத்த நாளங்கள் தாமே சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும் அற்புதமான ஏற்பாடு நம் நுரையீரலில் இருக்கிறது. பயிரில்லாத வயலின் மடையை அடைத்து, பயிர் நிற்கும் வயலுக்குத் திருப்புவதற்கு ஒப்பானது இது. சில நிமிடங்களில் இந்த ஏற்பாடு வேலை செய்யத் தொடங்க, அளவு மெல்ல நிலைபெறும். அப்படியும் குறைந்தால் குழாயின் இருப்பிடத்தைச் சோதிப்பது, சுருங்கிய நுரையீரலுக்குச் சிறிது ஆக்சிஜனைக் கசியவிடுவது, தேவைப்பட்டால் அறுவையை நிறுத்தச் சொல்லி இரண்டையும் ஊதிவிடுவது எனப் படிப்படியான வழிகள் கைவசம் உள்ளன. வேலை செய்யும் ஒற்றை நுரையீரலை மிகையாக ஊதிக் காயப்படுத்திவிடாமல் இருக்க, ஒவ்வொரு மூச்சின் அளவையும் உடல் எடையின் கணக்கில் ஒரு கிலோவுக்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் என்ற சிறிய அளவிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரத்த ஓட்டத்தையும் கவனிக்கவேண்டும். மேலே இழுக்கப்படும் இரைப்பைக் குழாய் தன் இரத்த நாளங்களில் பெரும்பாலானவற்றை இழந்து, வலப்பக்கமாக ஓரத்தில் ஓடும் ஒரே ஒரு முதன்மைத் தமனியை நம்பி நிற்கிறது. அதன் மேல்நுனியில்தான் புதிய இணைப்பு விழுகிறது. இரத்தம் மிகக் குறைவாகப் போய்ச்சேரும் இடமும் அதுவே. இரத்த அழுத்தம் வெகுநேரம் தாழ்ந்தால் இணைப்பு ஆறாமல் கசியும். அழுத்தத்தைத் தூக்கச் சிரை வழியாகத் திரவத்தை அளவின்றி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து இணைப்பும் வீங்கும். தேவையான அளவு திரவமும், மீதிக்கு அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் என்ற நிதானத்தைப் பல மணி நேரம் காப்பது, என் பார்வையில், இந்த மயக்கத்தின் மிகக் கடினமான பகுதி. உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கும்போது அறுவை மருத்துவரின் கை இதயத்தின் பின்புறத்தை அழுத்துவதால் அழுத்தம் திடீரென்று சரிவதும், இதயத்துடிப்பு தாளம் தவறுவதும் உண்டு. மணிக்கட்டுத் தமனியில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய அழுத்தத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அறுவை முடிந்ததும், உடல் சூடும் இரத்த அழுத்தமும் சீராக இருந்தால், பெரும்பாலும் அரங்கிலேயே குழாயை எடுத்துவிட்டு நோயாளியைத் தாமே மூச்சுவிடச் செய்கிறார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பு. நெஞ்சில் வெட்டு இருக்க, கண்விழித்தவுடன் ஆழமாக மூச்சுவிட வேண்டுமென்றால், விழிக்கும் முன்பே வலியை அடக்கியிருக்கவேண்டும்.

இந்த வலி ஏன் இவ்வளவு கடுமையானது? விலா எலும்புகள் ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. நெஞ்சைத் திறக்கும் கருவி எலும்புகளை விரிக்கும்போது அந்த நரம்புகள் நசுங்குகின்றன. தசைகளும் மூட்டுகளும் இழுபடுகின்றன. அறுவைக்குப் பின் நெஞ்சில் வைக்கும் வடிகுழாய் ஒவ்வொரு மூச்சுக்கும் உரசுகிறது. கையில் கட்டு விழுந்தால் கையை அசைக்காமல் வைத்திருக்கலாம். நெஞ்சுக்கூட்டுக்கு அந்த ஓய்வே கிடையாது, நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது அது அசைந்தே தீரும். இதோடு வயிற்றின் மேற்பகுதியில் இன்னொரு காயம். போதாததற்கு, நெஞ்சுக்குள் ஏற்படும் உறுத்தலை உதரவிதான நரம்பு தோள்பட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதால், தோளில் எந்தக் காயமும் இல்லாமலே தோள் வலிக்கும். "படுக்கவைத்த விதத்தில் தோள் பிசகிவிட்டதோ" என்று வீட்டார் கவலைப்படுவதுண்டு.

திறந்த முறை அறுவைக்கு நீண்ட காலமாக அளவுகோலாகக் கருதப்படுவது, நடுமுதுகில் வைக்கும் எபிடியூரல். வலியில்லாப் பிரசவத்துக்கு இடுப்பில் போடுவதாகப் பலரும் கேள்விப்பட்டிருக்கும் அதே முறைதான். இங்கே நெஞ்சுக்கும் மேல்வயிற்றுக்கும் போகும் நரம்புகள் கிளம்பும் இடமான தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலோ சற்றுக் கீழோ வைக்கிறார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை ஸ்பெயின் இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் 1921-இல் அறுவைக்குப் பயன்படுத்திக் காட்டினார். அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும் விதம் கையின் உணர்வைச் சார்ந்தது. நோயாளி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து முதுகை வளைத்துக்கொள்கிறார். தோலை மரக்கச் செய்தபின், உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சை ஊசியோடு பொருத்தி, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே மருத்துவர் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முன்னேறுகிறார். உறுதியான தசைநாரில் ஊசி இருக்கும்வரை சிரிஞ்ச் அழுத்தத்துக்கு இணங்காது. நுனி அந்த இடைவெளிக்குள் நுழைந்த கணத்தில் எதிர்ப்பு சட்டென்று விலகி, நீர் தடையின்றி உள்ளே ஓடும். அந்த இடத்தில் நின்று, நூலைப்போன்ற மெல்லிய குழாயைச் செலுத்திவிட்டு ஊசியை எடுத்துவிடுகிறார்கள். முதுகில் தங்குவது அந்தக் குழாய் மட்டுமே. "ஊசியை உள்ளேயே விட்டுவைப்பார்களா" என்ற அச்சத்துக்கு இடமில்லை.

இதைப் பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே செய்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. இடுப்பில் ஊசி போடும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. நடுமுதுகிலோ அது பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி நரம்பைத் தொட்டால் மின்னதிர்ச்சிபோல ஓர் உணர்வு பாயும். விழித்திருப்பவர் அதை உடனே சொல்ல முடியும். குழாயின் வழியே புபிவக்கைன் அல்லது ரோபிவக்கைன் போன்ற மரப்பு மருந்தை மிக நீர்த்த அளவிலும், அதோடு மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டானிலும் சிறிது கலந்து ஒரு பம்ப் சொட்டுச் சொட்டாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். எந்தெந்த இடம் மரத்திருக்கிறது என்று பார்க்க, செவிலியர் ஐஸ் கட்டியை அல்லது ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை முதலில் நெற்றியில் வைத்து, "இந்தக் குளிர்ச்சி தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு, கழுத்தெலும்பிலிருந்து தொப்புள்வரை படிப்படியாக வைத்துப் பார்ப்பார். "இங்கே சும்மா தொட்டதுபோல இருக்கிறது, குளிரவில்லை" என்று நோயாளி சொல்லும் பகுதி காயத்தை மூடியிருந்தால் மருந்து சரியாகப் போய்ச்சேர்கிறது.

எபிடியூரலுக்கும் குறைகள் உண்டு. மருந்து இரத்த நாளங்களையும் தளர்த்துவதால் இரத்த அழுத்தம் இறங்கும். இரைப்பைக் குழாயின் இரத்த ஓட்டத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால், இதை ஏன் அலட்சியம் செய்ய முடியாது என்பது புரியும். அரிப்பும் சிறுநீர் கழிப்பதில் சிரமமும் வரலாம். சிலரிடம் குழாய் நகர்ந்தோ, ஒரு பக்கம் மட்டும் மரத்தோ பலனில்லாமல் போவதும் அரிதன்று. அப்போது மாற்று வழிக்கு உடனே போகவேண்டும். "முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி" என்ற பரவலான பேச்சுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஊசி நுழைந்த இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவே. நிரந்தரமான நரம்புப் பாதிப்பு மிக அரிது: 2009-இல் வெளியான பிரிட்டன் நாடு தழுவிய ஆய்வொன்று, அறுவைக்காக எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்று அதைக் கணக்கிட்டது. ஆனால் அரிதான அந்த ஒன்றையும் தடுக்க நோயாளியின் வாய்ச்சொல் வேண்டும். நடுமுதுகு எபிடியூரல் சரியாக இருந்தால் கால்களில் வலு குறையாது. அதோடேயே எழுந்து நடக்கலாம். திடீரென்று கால் மரத்தாலோ, தூக்க முடியாமல் போனாலோ, முதுகில் புதிதாகக் கடும்வலி வந்தாலோ, நள்ளிரவாக இருந்தாலும் செவிலியரை எழுப்பிச் சொல்லவேண்டும். உறைந்த இரத்தம் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் கால்களைக் காப்பாற்ற முடியும்.

எபிடியூரல் கூடாதவர்களுக்கும், சிறுதுளை முறையில் அறுவை செய்துகொள்பவர்களுக்கும் வேறு வழிகள் பெருகிவருகின்றன. முதுகெலும்பின் பக்கவாட்டில், நரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மருந்து செலுத்துவது அவற்றில் முக்கியமானது. 1905-இலேயே ஜெர்மனியில் தொடங்கிப் பின்னர் மறக்கப்பட்டு, 1979-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்ற முறை இது. ஒரு பக்கம் மட்டுமே மரப்பதால் இரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்குவதில்லை; நெஞ்சைத் திறந்தபின் அறுவை மருத்துவரே கண்ணால் பார்த்துக் குழாயை வைத்துவிடவும் முடியும். வயிற்றுக் காயத்தை இது எட்டாது என்பதால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். முதுகுத் தசையின் அடியில் அல்ட்ராசவுண்ட் பார்த்து மருந்து பரப்பும் முறை 2016-இல் வந்தது. எளிது என்பதால் வேகமாகப் பரவியிருக்கிறது, ஆனால் பெரிய திறந்த காயத்துக்கு அதை மட்டும் நம்புவது போதாது என்பதே என் கருத்து. சிறுதுளை அறுவையே வலியைக் குறைக்கும் ஒரு வழிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2012-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், முதல் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று திறந்த முறையில் 29 சதவீதம் பேருக்கும், சிறுதுளை முறையில் 9 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டிருந்தது.

நரம்புத் தடை எதுவானாலும் அதோடு மருந்துகளும் சேரும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாராசிட்டமால், வலிக்கும்போது கேட்காமலே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. காய்ச்சல் மாத்திரைதானே என்று அதைக் குறைவாக எண்ணவேண்டாம். மார்ஃபினின் தேவையைக் குறைப்பதில் அதற்கு உண்மையான பங்கு உண்டு. டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளைச் சிறுநீரகத்தையும் புதிய இணைப்பையும் மனத்தில் வைத்து மருத்துவர்கள் எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறார்கள், சிலர் தவிர்க்கிறார்கள். ஆகவே "வீட்டில் கொடுக்கும் வலி மாத்திரை" என்று வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. மார்ஃபினோ ஃபென்டானிலோ தேவைப்பட்டால், நோயாளியே பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளும் பம்ப் ஒன்று இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் சிறு அளவு போகும். அடுத்த சில நிமிடங்களுக்கு எத்தனை முறை அழுத்தினாலும் போகாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். மருந்து கூடிவிட்டால் தூக்கம் வரும், தூங்குபவர் பொத்தானை அழுத்தமாட்டார், அதனால் மேலும் மருந்து போகாது என்பதே இதன் பாதுகாப்பு. அன்பு மிகுதியால் மகனோ மகளோ நோயாளிக்குப் பதிலாக அந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பே உடைந்து, மூச்சு மந்தமாகிவிடும். சில நாள் சிகிச்சையாகக் கொடுக்கப்படும் மார்ஃபினால் "அடிமையாகிவிடுவாரோ" என்று அஞ்சி அதை மறுக்கவும் தேவையில்லை.

வலியைப் பொறுத்துக்கொள்வதை நம் ஊரில் ஒரு குணமாகவே போற்றி வளர்த்திருக்கிறோம். "பரவாயில்லை டாக்டர், தாங்கிக்கிறேன்" என்று சொல்லும் பெரியவர்களைக் காணும்போது மரியாதை வருகிறது. ஆனால் இந்த ஓர் அறுவைக்குப் பின் அந்தப் பொறுமை அவர்களுக்கே எதிராக வேலை செய்கிறது. அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது போதாது. எழுந்து உட்காரும்போது, பந்துக் கருவியை இழுக்கும்போது, இருமும்போது எவ்வளவு வலிக்கிறது என்பதையே பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லவேண்டும். குரல் நாணை இயக்கும் நரம்பு இந்த அறுவையில் தளர்ந்து குரல் கம்மிப்போனவர்களுக்கு இருமலின் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அவர்களுக்கு வலியும் சேர்ந்தால் சளியை வெளியேற்ற வழியே இராது. மூக்கிலிருந்து இறங்கும் குழாய் எவ்வளவு உறுத்தினாலும் நோயாளி அதை இழுத்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் உடனிருப்பவர்களின் வேலை: அது புதிய இணைப்பைத் தாண்டிச் செல்கிறது, பார்க்காமல் மறுபடி செருகினால் தையலைக் குத்திவிடும்.

எல்லாம் சீராகப் போனால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முதுகுக் குழாயை எடுத்துவிடுகிறார்கள். அதற்கும் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிக்கும் இடையே கணக்கிட்ட இடைவெளி விடுவார்கள். வாய்வழி இன்னும் திறக்கப்படாததால், வலி மருந்துகள், உணவு செலுத்தச் சிறுகுடலில் வைத்த குழாய் வழியாகத் திரவமாகப் போகும். வீட்டுக்கு வந்தபின் காயம் ஆறியும், மூன்று மாதத்துக்கு மேல் விலாவோரம் தணல் வைத்ததுபோல எரிவதும், சட்டைத் துணி பட்டாலே கூசுவதும் சிலருக்குத் தொடரும். நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான். நோய் திரும்பிவிட்டது என்று உடனே கலங்கவேண்டியதில்லை, எனினும் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவும் கூடாது. நசுங்கிய நரம்பிலிருந்து எழும் அந்த வலிக்குப் பாராசிட்டமால் பிடிகொடுப்பதில்லை. பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு வகை மருந்துகள் தேவைப்படும். எந்த மயக்கவியல் துறை அறுவையன்று அவரைத் தூங்கவைத்ததோ, அதே துறையினர் பல மருத்துவமனைகளில் நடத்தும் வலி சிகிச்சைப் பிரிவில் அதற்கான சீட்டு கிடைக்கும்.